யோகம் ஆசனத்தோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வெளியாகும் யோகா தினச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பள்ளி மைதானத்தில் வரிசையாக விரித்த பாய்கள், ஒரே நிறச் சட்டையில் மாணவர்கள், மேடையில் விருந்தினர்கள், பின்னால் வளைந்து தன் பாதங்களை முகத்துக்கு இருபுறமும் தரையில் ஊன்றியிருக்கும் ஒரு சிறுமியின் படம், அந்த நிலையில் அவள் எத்தனை நிமிடம் இருந்தாள் என்ற குறிப்பு என இந்த ஆண்டும் ஏறத்தாழ இவையே இடம்பெற்றன. மக்களின் கவனம் யோகத்தின் பக்கம் திரும்பியிருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆயினும், யோகம் எதற்காக என்ற கேள்விக்கு உடல்நலம், நினைவாற்றல், மதிப்பெண், சாதனை என்பவற்றைத் தாண்டிய விடை எதையும் அச்செய்திகளில் நான் காணவில்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் யோகப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் வசிக்கும் சிற்றூர் திருவாவடுதுறைக்கு அருகில் உள்ளது. கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகை நோக்கி வந்த சிவயோகி ஒருவர், சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு, அவற்றின் துயர் தீர்க்க அவ்வுடலில் புகுந்தார் என்பதும், பின்னர் ஆவடுதுறைக் கோயிலில் அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து திருமந்திரத்தை அருளினார் என்பதும் சேக்கிழார் பாடிய வரலாறு. திருமூலரை நாம் முதன்முதலில் சந்திப்பதே பசுக்களின் அழுகை பொறாமல் அவர் செய்த ஒரு செயலில்தான். பத்தாம் திருமுறையாகிய அந்நூலில் தந்திரம் எனப்படும் ஒன்பது பகுதிகளில் மூன்றாவது தந்திரம் யோகத்துக்கென்றே அமைந்தது. நந்தியிடம் அருள் பெற்ற எண்மரை எண்ணும்போது, யோக சூத்திரம் என்னும் வடமொழி நூலை இயற்றியவராகப் போற்றப்படும், தில்லை மன்று தொழுத பதஞ்சலியையும் தம்மோடு ஒருவராகத் திருமூலர் சேர்த்துச் சொல்கிறார். யோகத்தின் நோக்கத்தை அறிய விரும்பும் தமிழ்ப் பிள்ளைக்கு இத்தனை பெரிய செல்வம் அவன் தாய்மொழியிலேயே இருக்கும்போது, அதிலிருந்து ஒரு பாட்டுக்கூட அறியாமல் அவன் யோகப் போட்டிக்குப் பரிசு வாங்கி வருவதைக் காண்கையில் மனம் கலங்குகிறது.

'இயம நியமமே எண்ணிலா ஆதனம்' என்று தொடங்கும் பாட்டில் திருமூலர் எட்டு உறுப்புகளையும் வரிசைப்படுத்துகிறார். பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலன்களை உள்முகமாகத் திருப்புதல்), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்துதல்), தியானம், சமாதி என்று அது நிறைவடைகிறது. ஆதனம், அதாவது ஆசனம், அதில் மூன்றாவதாக வருகிறது. அதற்கு முன் நிற்கும் இரண்டும் ஒருவன் பிறரோடும் தன்னோடும் எவ்வாறு வாழ வேண்டும் என்பதைப் பற்றியவை. இயமத்தில் நிற்பவன் யார் என்பதற்கு அவர் தரும் பாட்டை முழுவதுமாகவே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

கொல்லான்பொய் கூறான் களவிலான் எண்குணன்
நல்லான் அடக்க முடையான் நடுச்செய்ய
வல்லான் பகுந்துண்பான் மாசிலான் கட்காமம்
இல்லான் இயமத் திடையில்நின் றானே.

கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்பவை யாவரும் அறிந்தவை. நடுநிலை தவறாதவனும், பகுத்து உண்பவனும் இந்தப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பதஞ்சலி இயமத்தை ஐந்தாகச் சொன்னார். திருமூலர் அதைப் பத்தாக விரித்தபோது, தன் பங்குச் சோற்றில் பிறருக்கும் ஒரு பங்கு தருவதை யோகத்தின் முதல் உறுப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதலை நூலோர் தொகுத்த அறங்களில் எல்லாம் தலையாயது என்று வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் வைத்த அதே மரபின் தொடர்ச்சி இது. எங்கள் வகுப்பில் பயிற்சி முடிந்ததும் அவித்த பயறோ சுண்டலோ கொடுப்பது வழக்கம். நாளுக்கு ஒரு பிள்ளை பரிமாற வேண்டும். பரிமாறுகிற பிள்ளை கடைசியில்தான் உண்ண வேண்டும். புதிதாக வந்த பிள்ளை தன் தோழனுக்கு மட்டும் கரண்டி வழிய அள்ளிப் போடும். வரிசையின் கடைசிக்கு வரும்போது பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும். சில வாரம் சென்றபின் அதே பிள்ளை கரண்டியை எடுப்பதற்கு முன் பாத்திரத்தை ஒருமுறையும் வரிசையை ஒருமுறையும் பார்த்துக்கொள்கிறது. நடுச்செய்ய வல்லான், பகுந்துண்பான் என்ற இரண்டும் அந்தப் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளையின் முதுகு எவ்வளவு வளைகிறது என்பதைவிட இதையே நான் அதன் யோகத்தில் முன்னேற்றமாகக் குறித்து வைக்கிறேன்.

இந்த இரண்டு படிகளையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதற்கு வந்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. சமாதியைப் பற்றிப் பாடும் இடத்தில்கூடத் திருமூலர் 'சமாதி யமாதியில் தான்செல்லக் கூடும்' என்று, இயமம் முதலிய வழியாகச் சென்றே அது கூடும் என உறுதியாகச் சொல்லிவிடுகிறார். பதஞ்சலியின் நூலும் இதில் வேறுபடவில்லை. பாதம் எனப்படும் நான்கு பகுதிகளில், பதிப்புக்கேற்ப 195 அல்லது 196 சூத்திரங்கள் கொண்ட அந்நூலில் ஆசனத்தை விளக்குபவை மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்பது அவற்றுள் முதலாவது. எந்த ஆசனத்துக்கும் பெயர்கூட அவர் சொல்லவில்லை. சித்தத்தின் அலைவுகள் அடங்குவதே யோகம் என்று நூலின் இரண்டாம் சூத்திரம் சொல்கிறது. அப்போது காண்பவன் தன் உண்மை இயல்பில் நிலைபெறுகிறான் என்று மூன்றாவது சொல்கிறது. அறியாமை, 'நான்' என்னும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்வாழ்வின் மீதுள்ள பற்று ஆகிய ஐந்தும் மனிதனைத் துன்பத்தில் அழுத்தும் வேர்கள் என்றும், இவற்றை மெலியச் செய்வதற்கே சாதனை என்றும் அவர் கூறுகிறார். ஒருவர் யோகத்தில் வளர்ந்திருக்கிறாரா என்பதை அளக்க வேண்டுமானால் இந்த ஐந்தில் எது அவரிடம் குறைந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உடல்நலத்தை நான் தாழ்வாகப் பேசுவதாகக் கருத வேண்டாம். யோகத்துக்கு வரும் தடைகள் ஒன்பதைப் பதஞ்சலி அடுக்கும்போது முதலில் வைத்தது நோயைத்தான். மந்தம், ஐயம், சோம்பல் முதலியவை அதன் பின்னரே வருகின்றன. நோயுற்ற உடம்போடு மனத்தை ஒருமுகப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தவருக்கும் தெரியும். ஆகவே நோய் நீக்கம் யோகத்தின் வழியில் ஒரு தடையை அகற்றுவது. வழி போய்ச் சேரும் இடம் வேறு. 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே' என்ற அடியை இன்று உடற்பயிற்சிக் கூடத்துப் பலகைகளிலும் யோகா தினப் பதாகைகளிலும் காண்கிறோம். அப்பாட்டின் முதல் இரண்டு அடிகளையும் சேர்த்து எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. உடம்பு அழிந்தால் உயிரும் நிலை குலையும், அப்படிப்பட்டவர் 'திடம்பட மெய்ஞ்ஞானம் சேரவும் மாட்டார்' என்று திருமூலர் காரணத்தைச் சொன்ன பிறகே உடம்பை வளர்க்கும் உபாயத்துக்கு வருகிறார். மெய்ஞ்ஞானம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் எஞ்சுவது தசைப்பயிற்சி மட்டுமே. அடுத்த பாட்டு இன்னும் வெளிப்படையானது. உடம்பை முன்பு இழுக்கு என்று எண்ணியிருந்ததாகவும், அதற்குள்ளே உறுபொருளைக் கண்டதாகவும், 'உடம்புளே உத்தமன் கோயில்கொண் டான்என்று' அறிந்த பின் அதை இருந்து ஓம்புவதாகவும் தம் அனுபவமாகவே அவர் சொல்கிறார். உள்ளிருப்பவனுக்காகவே அவர் அந்தக் கோயிலைப் பேணினார்.

ஆதனங்களைத் திருமூலர் சொல்லாமல் விடவில்லை. பத்மாசனத்தில் பாதங்களைத் தொடைகளின் மேல் எவ்வாறு ஏற்றி வலித்து வைப்பது, கைகளை எங்கே வைப்பது என்று செய்முறையாகவே ஒரு பாட்டு உண்டு. பத்திரம், கோமுகம், வீரம், சுகாதனம், சுவத்திகம் என்று அவர் சொல்பவை பெரும்பாலும் அமர்ந்திருக்கும் நிலைகளே. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால்தான் அடுத்த ஐந்து உறுப்புகளும் கைகூடும் என்பதால் இந்தத் தெரிவு. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை உடற்பயிற்சிகளை மிக விரிவாகப் பேசும் நூல். அதிலும் விளக்கப்படும் ஆசனங்கள் பதினைந்து அளவிலேதான். ஹடயோக முறைகள் அனைத்தும் மனவொடுக்க நெறியாகிய ராஜயோகம் சித்திப்பதற்காகவே என்று அந்நூலின் நான்காம் பகுதி முடிவாகச் சொல்கிறது.

அப்படியிருக்க, ஆசனம் எப்படி யோகத்தின் முழுவடிவமாக நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் விடை உண்டு. 1896-இல் விவேகானந்தர் ராஜயோகம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது மேலைநாட்டார் அறிந்த யோகம் தியானமும் மனவொடுக்கமுமே. 1930-களில் மைசூர் அரண்மனையில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மக்களின் கவனத்தை ஈர்க்க ஊர் ஊராக ஆசனச் செயல்விளக்கங்கள் நிகழ்த்தினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகியோர் வழியாக ஆசனங்கள் உலகெங்கும் பரவின. கிருஷ்ணமாச்சாரியாரைக் குறை சொல்ல எனக்குத் துளியும் எண்ணமில்லை. யோகம் நம் நாட்டிலேயே மதிப்பிழந்து கிடந்த காலத்தில் அதை மீட்டவர்களில் அவர் முதன்மையானவர். பிற்காலத்தில் சென்னையில் குடியேறி 1989-இல் மறையும் வரை, வந்தவரின் வயது, நோய், மனநிலை, இறைநம்பிக்கை ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே அவர் கற்பித்தார். கூட்டத்தை ஈர்க்கச் செய்த செயல்விளக்கத்தை நாம் பற்றிக்கொண்டோம். சென்னை வீட்டில் ஒரு நோயாளியின் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆசிரியரை மறந்துவிட்டோம். 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை, 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானத்தின் வழி யோகா தினத்தை அறிவித்தபோது, உடல்நலமும் நல்வாழ்வும் என்ற நோக்கிலேயே அறிவித்தது. பல சமயத்தார் கூடும் உலக அவைக்கு அது பொருத்தமே. 2020 டிசம்பரில் நடுவண் அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. அது முதல் பள்ளிகளில் போட்டிகள் பெருகியிருக்கின்றன.

போட்டிகளைப் பற்றித்தான் நான் மிகவும் கவலையோடு எழுத வேண்டியிருக்கிறது. அண்மையில் பள்ளி மாணவர்களுக்கான போட்டி ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். ஏழாம் வகுப்புச் சிறுமிகள் இருவர் கடைசிச் சுற்றில் கடினமான பின்வளைவு நிலையொன்றில் இருந்தார்கள். இருவருடைய கண்களும் எதிர்ச்சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்னணுக் கடிகாரத்தின் மீதும், பிறகு பக்கத்துப் பாயின் மீதும் மாறி மாறிச் சென்றன. ஒருத்தியின் கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு தொண்டையில் நின்று நின்று வந்தது. நிலையாகவும் சுகமாகவும் என்ற சூத்திரத்தின் இரண்டு சொற்களும் அங்கே இல்லை. முடிவு அறிவித்தபோது, முதலிடம் பெற்ற தோழிக்காகக் கைதட்டக் கையை உயர்த்திய இரண்டாம் இடத்துப் பிள்ளையை அவள் தாய் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டார். அந்தத் தாயை நான் பழிக்கவில்லை. கடன் வாங்கிப் பயணச்செலவு செய்து வந்திருப்பார். விளையாட்டில் வெற்றி தோல்வி இயல்பு. கபடியிலோ ஓட்டத்திலோ இது நடந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

யோகத்தில் இது ஏன் பொருந்தாது என்பதற்குப் பதஞ்சலியே காரணம் தருகிறார். சித்தம் தெளிவடைய நான்கு மனப்பான்மைகளைப் பழக வேண்டும் என்கிறார் அவர்: இன்பத்தில் இருப்போரிடம் நட்பு, துன்பத்தில் இருப்போரிடம் இரக்கம், நன்மையில் சிறந்தோரைக் கண்டு மகிழ்ச்சி, தீமையில் உள்ளோரிடம் வெறுப்பற்ற விலகல். இவற்றுள் மூன்றாவது பிறர் சிறப்பில் மகிழ்வது. அந்தச் சிறுமியின் உயர்ந்த கை அதைத்தான் செய்யவிருந்தது. ஒரு பாயைப் பார்த்து இன்னொரு பாய் பொறாமைப்படும்படி அமைத்த ஏற்பாடு, சித்தத்தைத் தெளிவிக்கும் வழி எதுவோ அதையே அடைத்துவிடுகிறது. ஐந்து வேர்களில் 'நான்' என்னும் முனைப்பும் வெறுப்பும் கோப்பையால் நீர் பெற்று வளர்கின்றன. தம் நூலின் மூன்றாம் பகுதியாகிய விபூதி பாதத்தில் அரிய சித்திகள் பலவற்றை விவரித்துவிட்டு, அவை சமாதிக்கு இடையூறுகள் என்று பதஞ்சலி எச்சரிக்கிறார். அத்தகைய சித்திகளுக்கே அந்த எச்சரிக்கை என்றால், ஒரு காலை மேலே தூக்கி இத்தனை நிமிடம் நின்றதாகச் சான்றிதழ் பெறுவதைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். யோகாசனத்தை விளையாட்டாக நடத்துவது அரசின் முடிவு; அதற்குப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் உழைப்பு பெரியது. அதை யோகாசன விளையாட்டு என்ற பெயரோடு நடத்துங்கள், யோகப் பயிற்சி என்று மட்டும் அழைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூச்சுப் பயிற்சிக்கு வருகிறேன். இதில் நடக்கும் பிழை வேறு வகையானது. இடப்புறத்தால் பதினாறு மாத்திரை உள்ளிழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் கணக்கைத் திருமந்திரம் கூறுகிறது. இது குருவின் அருகில் நெடுங்காலம் பழகியவருக்குரிய அளவு. இதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மூச்சை அடக்கிப் பார்ப்பது ஆபத்தானது; அவர்கள் மூச்சை நிறுத்தாமல், இழுப்பதையும் விடுவதையும் மெல்ல நீட்டினாலே போதும். 'காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை' என்று அவர் வருந்திப் பாடியதில் கணக்கு என்பது வெறும் எண்ணிக்கையைக் குறித்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூச்சு அசைந்தால் மனம் அசையும், மூச்சு அடங்க மனமும் ஒடுங்கும் என்ற உறவை அறிந்து அதைப் பயன்படுத்துவதே கணக்கு. திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி உபதேச உந்தியாரில் இந்த உறவை ஒப்புக்கொண்டு, மூச்சடக்கத்தால் மனம் ஒடுங்குவது வலையில் பட்ட பறவை ஒடுங்குவது போன்றது என்கிறார். ஒடுங்கிய மனம் மீண்டும் எழும், அது அழியும் வழி வேறு என்று அடுத்த சில பாடல்களில் அவர் மேலும் உள்ளே அழைத்துச் செல்கிறார்.

எங்கள் வகுப்புக்கு வரும் விவசாயி ஒருவர் எழுபது வயதைக் கடந்தவர். முழங்கால் தேய்மானத்தால் தரையில் உட்கார முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், வேட்டியை இறுக்கமின்றித் தளர்த்திக்கொண்டு, பாதங்களைத் தரையில் பதித்து அமர்வார். வலது கட்டைவிரலால் ஒரு நாசியை மூடி, மறு நாசியில் ஓசையின்றி இழுத்து, மாற்றி விடுவார்; அவ்வளவுதான் அவருடைய பயிற்சி. ஆசனம் என்று ஒன்றும் செய்ததில்லை. ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு தயங்கி நின்று, "சார், வாய்க்கால்ல முறை வைக்கிற எடத்துல முன்ன மாதிரி நான் சத்தம் போடறதில்லையாம், வீட்டுல சொல்றாங்க. எனக்குத் தெரியவே இல்ல" என்றார். அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் தண்ணீர் முறையில் பல ஆண்டுப் பகை உண்டு என்பது ஊரறிந்தது. பகை தீர்ந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் சினம் எழுந்து சொல்லாவதற்குள் ஓர் இடைவெளி அவருக்குள் உண்டாகியிருக்கிறது. மூச்சிலிருந்து தொடங்கி அடக்கமுடைமை என்னும் இயமத்துக்கு அவர் வந்து சேர்ந்திருக்கிறார். உறுப்புகள் எட்டையும் ஏணிப்படிபோல ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்கும், ஒழுக்கத்தைத் தொடாத பயிற்சி எதுவும் யோகமாகாது என்பதற்கும் அவரைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பிரத்தியாகாரமும் தாரணையும் இந்தக் காலத்துக்கு மிகவும் தேவைப்படுபவை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் இவற்றின் பெயரே பெரும்பாலும் வருவதில்லை. 'காணாக்கண் கேளாச் செவியென் றிருப்பார்க்கு' என்று தாரணைப் பகுதியில் ஓர் அடி வருகிறது. கண் இருந்தும் காணாமல், செவி இருந்தும் கேளாமல் உள்முகமாக இருப்பவரைப் பற்றிய அடி அது. கைப்பேசி அருகில் ஒருமுறை அதிர்ந்தால் கண்ணை மூடியிருக்கும் வகுப்பு முழுவதும் உள்ளுக்குள் அதன் பக்கம் திரும்பிவிடுவதை நான் நாள்தோறும் உணர்கிறேன். மதயானையை வசமாக நடத்தலாம், கரடியின் வாயையும் புலியின் வாயையும் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது' என்று தாயுமானவர் நிறுத்திய இடம் இதுதான். பத்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே முதலில் நெளிகிறார்கள்.

இவற்றையெல்லாம் பொதுப் பள்ளியில் சொன்னால் ஒரு சமயத்தைத் திணிப்பதாகாதா என்ற கேள்வியை என் நண்பர்கள் சிலர் எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. திருமந்திரம் சைவத் திருமுறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிவபூசையும் அதன் நியமத்தில் உண்டு. ஆனால் பதஞ்சலி சொல்லும் இயமம் ஐந்தும், சமணத் துறவியரின் மகாவிரதங்கள் ஐந்தும் பெயரளவில்கூட ஒன்றே: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருட்பற்றின்மை. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் குகைத்தளத்தில் வழவழப்பான கற்படுக்கைகளையும் அவற்றோடுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் பார்த்தவர்கள், புலனடக்கமும் உள்முகத் தவமும் இந்த மண்ணில் ஒரே சமயத்துக்கு உரியனவாக இருந்ததில்லை என்பதை உணர்வார்கள். கடவுளை நம்பாத வீட்டுப் பிள்ளையும் பொய் சொல்லாமலும், பகுத்து உண்டும், தன் சினத்தைக் கவனித்தும் வளர முடியும். வழிபாட்டை அவரவர் வீட்டுக்கும் விருப்பத்துக்கும் விட்டுவிடலாம். ஒழுக்கத்தையும் அமைதியையும் பள்ளி கற்பிக்கலாம்.

முதுகுவலிக்காக வருகிறவரிடம் மெய்ஞ்ஞானம் பேச வேண்டுமா என்று கேட்டால், முதலில் முதுகுவலியைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அவர் வந்த காரணம் மதிக்கத்தக்கது. வலி குறைந்த பிறகு, இது இங்கேயே நிற்பதில்லை, மேலும் போகும் வழி உண்டு என்று அவருக்கு ஒரு சொல்லாவது சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகளை வகுத்து, யோகத்தை இறைவனோடு தோழமை கொள்ளும் நெறியாக வைத்தது. இந்த நான்கையும் 'அரும்பு மலர் காய்கனிபோல்' என்றார் தாயுமானவர். அதன்படி, எட்டு உறுப்புகளும் நிறைந்த யோகமே இன்னும் காய்தான். பதஞ்சலியின் வழியில் அது காண்பவனைக் காணப்படுவதிலிருந்து பிரித்தறிவதில் முடிகிறது. திருமூலரின் வழியில் உள்ளே கோயில் கொண்டவனோடு அன்பால் ஒன்றாவதில் முடிகிறது. இவற்றிடையே தத்துவ வேறுபாடு பெரியது. அறிஞர்கள் அதை விவாதிக்கட்டும். எந்த வழியிலும் 'நான்' சுருங்காமல் பயணம் முடிவதில்லை என்பதில் இருவரும் உடன்பட்டிருக்கிறார்கள், அந்த உடன்பாடே என் போன்ற எளிய பயிற்சியாளனுக்குப் போதுமானது.

கல்வித்துறையினருக்கும் பயிற்சியாளர்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அடுத்த யோகா தினத்தன்று பள்ளிகளில் ஆசனங்களைத் தொடங்குமுன், ஒலிபெருக்கியும் படக்கருவியும் இல்லாமல், மாணவர்களும் ஆசிரியர்களும் வந்திருக்கும் விருந்தினர்களும் பத்து நிமிடம் கண்மூடி அமர்ந்திருக்கட்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரக்கணக்குப் பார்க்கும் போட்டிகளை அறவே தவிர்க்க வேண்டும். அந்த வயதில் எலும்பும் மூட்டும் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பதே அதற்குப் போதிய காரணம். யோகப் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் ஆசனப் பெயர்களோடு இயம நியமங்களையும், தமிழ்நாட்டில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தையும் பாடமாக வைக்க வேண்டும். பயிற்சியாளராக வருபவர் மாணவரை அடிப்பவராகவோ, கட்டணத்தில் பொய்க் கணக்கு எழுதுபவராகவோ இருந்தால், அவர் எத்தனை ஆசனம் செய்து காட்டினாலும் அந்தச் சான்றிதழ் அவருக்குரியதாகாது.

தங்கள் நாளிதழிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். மாணவர் பகுதியில் வாரத்துக்கு ஒரு பாட்டாக, மூன்றாம் தந்திரத்திலிருந்து எளிய உரையோடு வெளியிட முடியுமா? இயமத்துக்குரிய பாட்டிலிருந்தே தொடங்கலாம். அப்படி வெளிவந்தால், எங்கள் வட்டாரப் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் அதைப் படித்து விளக்க நானும் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். உரை எழுதும் பணியில் உதவி தேவைப்பட்டாலும் ஊதியம் எதுவும் எதிர்பாராமல் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்.